விளையாட்டுக் கட்டைகளும் வீட்டுப் பயன்பாடும்

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை பேசுவதும் மரபு. நாமோ, பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளைப் பற்றிப் பேச வந்துள்ளோம். அக்கட்டைகளைக் கொண்டு வீட்டுக்குப் பயன்படும் பொருள்களைச் செய்துகொள்வது எவ்வாறு என்பதே பொருள். "இதற்கு ஒரு சொற்பொழிவா?" என்று சிலர் நகைக்கலாம். ஆயினும், இந்த அவையில் அமர்ந்திருக்கும் குடும்பங்களுள் பாதிக்கு மேற்பட்டவற்றில் பரண் மீதோ கட்டிலுக்கு அடியிலோ அக்கட்டைகள் நிறைந்த ஒரு பெட்டி இருக்கும் என்பது எம் கணிப்பு. விளையாடிய பிள்ளை பெங்களூரிலோ அமெரிக்காவிலோ வேலையில் இருப்பான். பெட்டி மட்டும் இங்கே இருக்கும். எறியவும் மனம் வராது. வைத்துக்கொள்ளவும் இடம் இராது. அப்பெட்டியைப் பற்றியதே இப்பேச்சு.

நாம் குடியேறி வாழும் இவ்வங்க நாடு செங்கல்லின் நாடு என்பதை முதலில் நினைவூட்ட விரும்புகிறோம். தஞ்சையில் 1010ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட பெரிய கோயில் கருங்கல்லால் ஆனது.  கங்கை கொணர்ந்து கொட்டிய வண்டல் மண்ணின்மேல் அமைந்த வங்கத்திலோ கல் அரிது; களிமண் மிகுதி. ஆகவே இங்குள்ளோர் மண்ணைச் சுட்டுக் கோயில் எழுப்பினர். பிஷ்ணுப்பூரில் மல்ல மன்னர்கள் 1643இல் கட்டிய சியாம்ராய் கோயிலையும் 1655இல் கட்டிய ஜோர் பங்களாக் கோயிலையும் நம்மில் பலர் சுற்றுலாவாகச் சென்று கண்டிருப்போம். சிறு சிறு சுடுமண் துண்டுகளை இசைத்துப் பெரிய உருவம் ஒன்றை ஆக்குவது இம்மண்ணின் கலை. அவ்வாறிருக்க, கட்டை அடுக்கும் குழந்தையின் தொழிலை இவ்வூரில் இழிவாக எண்ணுதல் பொருந்துமோ?

இன்னும் ஒரு செய்தி. சிந்துவெளி நகரங்களில் கிடைத்த சுட்ட செங்கற்களின் உயரம், அகலம், நீளம் ஆகியவை 1 : 2 : 4 என்னும் அளவில் அமைந்தவை என்று தொல்லியல் அறிஞர் கண்டுள்ளனர். நீளம் அகலத்தைப் போல் சரியாக இருமடங்கு. லெகோ என்னும் டென்மார்க்குக் கட்டையை எடுத்து அளந்து பாருங்கள். மேலே இரு வரிசையில் நான்கு நான்காக எட்டுக் குமிழ்கள் உடைய வழக்கமான கட்டை ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அங்கும் இருமடங்கே! இது தற்செயல் அன்று. நீளம் அகலத்தின் இருமடங்காக இருந்தால்தான் ஒரு வரிசையின் மூட்டுவாயை அடுத்த வரிசைக் கல் மூடி நிற்கும்; மூலையைத் திருப்பினாலும் இடைவெளி விழாது. கொத்தனார் அறிந்த இவ்வுண்மையைப் பின்னர்ப் பொருள் செய்யும்போது மீண்டும் காண்போம்.

இக்கட்டையின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லி மேற்செல்வோம். டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலெ கீர்க் கிறிஸ்டியான்சன் என்னும் தச்சர், தொழில் நலிந்த 1932ஆம் ஆண்டில் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களைச் சுருக்கி லெகோ என்று பெயரிட்டார். பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டை அவருடைய சொந்தக் கற்பனை அன்று. ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்னும் ஆங்கிலேயர் அத்தகைய கட்டையை முன்னரே உருவாக்கியிருந்தார். அதன் மாதிரியைப் பார்த்தே 1949இல் டென்மார்க்கில் செய்தனர். அக்காலக் கட்டை உள்ளே வெறுமையாக இருந்ததால் கட்டியது எளிதில் கழன்று விழுந்தது. தச்சரின் மகன் கோட்ஃபிரெட், கட்டையின் அடியில் சிறு குழல்களை அமைத்து, மேற்கட்டையின் குழலும் கீழ்க்கட்டையின் குமிழும் ஒன்றையொன்று பற்றுமாறு செய்து, 1958ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தப் பற்றுதலே இவ்விளையாட்டுப் பொருளின் உயிர். 1958இல் வார்த்த கட்டை இன்று வார்க்கும் கட்டையோடு பூட்டிக்கொள்ளும். காப்புரிமைக் காலம் கழிந்தபின் வேறு பல நிறுவனங்களும் அதே அளவில் செய்யத் தலைப்பட்டன. ஆகவே பர்ராபஜாரிலும் கேனிங் தெருவிலும் மலிவாக வாங்கிய பெட்டியும் பெரும்பாலும் இதனோடு பொருந்தும். பற்றும் வலிமைதான் சிறிது குறையலாம்.

இத்தகைய கட்டையால் மெய்யாகவே பயனுள்ள பொருள் ஒன்றைச் செய்தவர் எவரேனும் உண்டோ என்று கேட்பீர்கள். உண்டு.

1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மாணவர் இருவர், இணையத்தில் தேடுவதற்கான ஒரு முறையை ஆராய்ந்து கொண்டிருந்தனர். அதற்குப் பத்து வட்டுகளை ஒன்றாக அடுக்கிவைக்க ஓர் அலமாரி வேண்டியிருந்தது. கையில் பணம் குறைவு. வட்டுகள் கூடினால் அலமாரியும் வளரவேண்டும். வண்ண வண்ணப் பிளாஸ்டிக் கட்டைகளால் அதனைக் கட்டிக்கொண்டனர். அம்மாணவர் லாரி பேஜும் செர்கேய் பிரினும். அவர்கள் ஆராய்ந்தது பின்னாளில் கூகிள் ஆயிற்று. வட்டு ஒவ்வொன்றும் 4 கிகாபைட்டுதான்! அந்த அலமாரி பின்னர் ஸ்டான்ஃபோர்டிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டது.

இரண்டாவது செய்தி, நம் அண்டை வீட்டு வங்காளி நண்பர்களுக்கு மகிழ்வூட்டுவது. கலிஃபோர்னியாவில் சாந்தா கிளாராவில் வாழ்ந்த சுபம் பானர்ஜி என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், 2014இல் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக லெகோவின் இயந்திரக் கட்டைத் தொகுதி ஒன்றைக் கொண்டு பார்வையற்றோருக்கான பிரெயில் எழுத்தை அச்சிடும் பொறியைச் செய்தான். அப்பொழுது கடைகளில் விற்ற பிரெயில் அச்சுப்பொறிகள் 2,000 டாலரும் அதற்கு மேலும் ஆயின. அவன் பயன்படுத்திய தொகுதியின் விலையோ ஏறத்தாழ 350 டாலர். அவ்வாண்டிலேயே இன்டெல் நிறுவனத்தின் முதலீடும் அவனுக்குக் கிட்டியது.

மூன்றாமவர் அண்டோரா என்னும் மிகச் சிறிய ஐரோப்பிய நாட்டைச் சேர்ந்த தாவீத் அகிலார். வலது முன்கை இன்றிப் பிறந்தவர். ஒன்பது வயதிலேயே கட்டைகளால் தமக்கு ஒரு கை செய்துகொள்ள முயன்றார். அது உறுதியாக இல்லை. விடாது முயன்று, 2017இல் பதினெட்டு வயதில், ஹெலிகாப்டர் பொம்மை ஒன்றின் பாகங்களைக் கொண்டே இயங்கும் கை ஒன்றைச் செய்து அணிந்துகொண்டார். விளையாட்டுப் பொருள் என்று நாம் ஒதுக்குவது ஒருவர்க்கு உடலின் உறுப்பாகவே ஆகிவிட்டது!

இதற்கு மறுதலையான ஒரு செய்தியையும் சொல்லாமல் விடுதல் நேர்மை ஆகாது. 2009இல் ஜேம்ஸ் மே என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சியாளர், சர்ரே மாவட்டத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில், 33 இலட்சம் கட்டைகளைக் கொண்டு வீடு ஒன்றையே எழுப்பினார். அதனுள் கழிப்பறை இருந்தது. வெந்நீர்க் குளியலுக்கு வசதி இருந்தது. கட்டிலும் கட்டையால் ஆனதே. கட்டில் மட்டும் சிறிதும் இதம் தரவில்லையாம். வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோக எவரும் முன்வராததால் இறுதியில் பிரித்துவிட்டனர். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து கட்டை ஒன்றை மிதித்த தந்தையர் எவரும் அக்கட்டிலின் செய்தி கேட்டு வியப்படையார்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்னும் வரையறை இங்கிருந்தே தொடங்குகிறது. மெல்லிய பொருளும் சூடான பொருளும் இக்கட்டைக்கு ஆகா. எடை தாங்குவதற்கோ அஞ்சவேண்டா. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தார் 2012இல் சோதித்தபோது, நான்கே குமிழ்கள் உடைய ஒற்றைக் கட்டை 430 கிலோகிராமுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கிய பின்னரே நசுங்கியது. கட்டையின்மேல் கட்டையாக மூன்றரைக் கிலோமீட்டர் உயரம் அடுக்கினால்தான் அடிக்கட்டை நசுங்கும் என்று கணக்கிட்டனர். அத்துணை வலியதை ஒரு குழந்தை இரு விரலால் இழுத்தால் கழற்றிவிடுகிறது! அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். இதை மனத்தில் கொண்டால் பொருள் செய்வதில் பாதி வேலை முடிந்தது.

செய்முறைக்குச் செல்லுமுன், ஒன்று கூறவேண்டும். பெட்டியில் உள்ளவை நல்ல நிலையில் இருந்து, விளையாட ஒரு பிள்ளை எங்கேனும் இருக்குமாயின், அப்பிள்ளைக்கே கொடுத்துவிடுங்கள். கட்டை விளையாடவே பிறந்தது. ஒரே நிறத்தில் எட்டுக் குமிழ்க் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91,51,03,765 வகையில் பூட்டலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் ஸோரன் ஐலர்ஸ் கணினி கொண்டு எண்ணிக் கண்டார். அத்துணை வழிகளையும் பெட்டிக்குள் அடைத்து வைப்பது குழந்தைகளுக்குச் செய்யும் கேடு. நாம் வீட்டுப் பொருளாக்கச் சொல்வது பாகங்கள் தொலைந்துபோன தொகுதிகளையும், பல பெட்டிகள் கலந்துபோன குவியலையுமே. பிள்ளை கட்டி முடித்து அலமாரியில் வைத்துச் சென்ற கப்பலையோ கோட்டையையோ அவனைக் கேளாமல் பிரிக்காதீர்கள். முப்பது வயதானவனாயினும் கேளுங்கள். "பிரித்துக்கொள்ளுங்கள் அம்மா" என்று அவன் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்தே அப்பொருள் அவனுக்கு என்ன என்பது விளங்கிவிடும்.

வங்க மகளிர் பழம் புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் காந்தா என்னும் போர்வை ஆக்குவதை நாம் அறிவோம். நம் ஊரிலும் பாட்டியின் நூல்புடவை பேரனுக்குத் தூளி ஆகும். 2001ஆம் ஆண்டுத் துர்க்கா பூசையில் போஸ்புகூர் சீதளா மந்திர்ப் பந்தலைத் தேநீர் அருந்தி எறியும் மண்குவளைகளால் அமைத்ததைக் காண ஊரே திரண்டது. நம் சங்கத்து மூத்தோருள் சிலரும் அவ்வரிசையில் நின்றவர்களே. கையிலிருக்கும் எதையும் கட்டுமானப் பொருளாகக் காண்பது இவ்வூர் நமக்குக் கற்பித்த கண்.

இனிச் செய்முறை. எளியது பேனாத் தாங்கி. எட்டுக் குமிழ்க் கட்டைகள் 60 வேண்டும். முதல் அடுக்கில் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு நீளவாட்டில் வைத்து, இடப்புறமும் வலப்புறமும் ஒவ்வொன்றால் இடைவெளியை அடையுங்கள். நடுவில் ஒரு சதுரக் குழி தோன்றும். அடுத்த அடுக்கில் இதையே கால்வட்டம் திருப்பி வையுங்கள்: இப்பொழுது இடமும் வலமும் இரண்டிரண்டு, முன்னும் பின்னும் ஒவ்வொன்று. முன் சொன்ன கொத்தனார் முறை இதுவே. கீழ் அடுக்கின் மூட்டை மேல் அடுக்குக் கட்டை மூடி நிற்கும். இவ்வாறு பத்து அடுக்கு. 96 மில்லிமீட்டர் உயரமும், 64 மில்லிமீட்டர் சதுர அடியும் உடைய தாங்கி கிடைக்கும். திருப்பாமல் ஒரே வாட்டில் அடுக்கினால், பேனாவை இழுக்கும்போதே சுவர் பிளந்துவிடும்.

அடுத்தது கைப்பேசித் தாங்கி. இரு கையும் ஓய்வாக இருக்க, பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசவேண்டும் என்று விரும்பாத தாத்தா பாட்டியர் இவ்வவையில் இல்லை. பத்துக் குமிழ் அகலத்தில் ஒரு தட்டை அடி அமைத்து, முன் விளிம்பில் ஒரே அடுக்கில் சிறு வரம்பு எழுப்புங்கள். நான்கு குமிழ் இடைவெளி விட்டு, ஒன்பது அடுக்கு உயரத்தில் பின்சுவர் எழுப்புங்கள். அடித்தட்டு பின்சுவருக்குப் பின்னாலும் எட்டுக் குமிழ் தூரம் நீளட்டும். இல்லையேல் மல்லாந்து விழும். கைப்பேசி வரம்பில் காலூன்றிச் சுவரில் சாயும். இடைவெளியை இரண்டு குமிழாகக் குறைத்தால் அது விறைப்பாக நின்று, நம் முகத்துக்குப் பதிலாக மோவாயையே அப்பக்கத்துக்குக் காட்டும். முன்வரம்பின் நடுவில் இரண்டு குமிழ் அளவு வாயில் விட்டுவிட்டால் மின்னேற்றும் கம்பியும் நுழையும். கடையில் இதனினும் அழகிய தாங்கி கிடைக்கும் என்பது உண்மை. ஆயினும் இதன் சாய்வை நம் கண்ணாடிக்கும் நாற்காலிக்கும் ஏற்ப ஐந்து நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

எமக்கு மிகவும் உகந்தது மருந்துப் பேழை. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

நம் குடியிருப்புகளில் முதியவர் இருவர் மட்டுமே வாழும் வீடுகள் பெருகிவிட்டன. காலையில் இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. இரவில் வேறு இரண்டு. பதினொரு மணிக்கு ஓர் ஐயம் எழும்: "மாத்திரையை விழுங்கினோமா, இல்லையா?" ஐயத்தில் சிலர் மறுமுறையும் விழுங்குவர், சிலர் விழுங்கியதாகவே கருதி விட்டுவிடுவர். சர்க்கரை மாத்திரையை இருமுறை விழுங்கினால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். அழுத்த மாத்திரையை அடிக்கடி விட்டால் அதுவும் கேடே. வாரத்தின் ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று தனித்தனி அறை இருந்து, ஞாயிறன்று எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டால், அறை வெறுமையாக இருப்பதே விழுங்கியதற்குச் சான்று.

முப்பத்திரண்டு குமிழ்ச் சதுரமான அடித்தட்டு பல பெட்டிகளில் வரும். 25 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த பக்கமுடையது. அதன்மேல் ஒற்றைக் குமிழ் அகலக் கட்டைகளால் சுவர் எழுப்புக. ஒவ்வோர் அறையும் உள்ளே மூன்று குமிழ்ச் சதுரம். ஏழு அறைக்கு இருபத்தொன்று, எட்டுச் சுவருக்கு எட்டு, ஆக இருபத்தொன்பது குமிழ் நீளம். இரு வரிசைக்கு ஆறு, மூன்று சுவருக்கு மூன்று, ஆக ஒன்பது குமிழ் அகலம். இரண்டு அடுக்கு உயரம் போதும். அறையின் தரையிலும் குமிழ்கள் இருப்பதால் சிறிய மாத்திரை இடையில் சிக்கிக்கொள்ளும்; நடுங்கும் விரலால் எடுக்க முடியாது. ஆகவே குமிழ் இல்லாத வழவழப்பான தட்டைத் துண்டுகளைத் தரையில் பதியுங்கள். அவை இல்லையேல் அழைப்பிதழ் அட்டையை அளவாக வெட்டி இடுங்கள். மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்துக் கொட்டாதீர்கள். ஆடி ஆவணியில் இவ்வூர்க் காற்றில் உள்ள ஈரம் அப்பளத்தையே ஒரு மணியில் துவளச் செய்கிறது, மாத்திரையை விடுமோ? உறையோடு கத்தரித்தே இடவேண்டும். மூன்று குமிழ் அறையில் உறைத்துண்டு கொள்ளாவிடில் நான்கு குமிழாக ஆக்கிக்கொள்ளலாம். அப்பொழுது ஒரு தட்டில் நீளம் போதாமையால் இரு தட்டுகளை இணைக்க நேரும்.

கண்புரை உள்ளவர்க்கு வேறோர் உதவியும் உண்டு. சுவரின் மேற்புறம் முழுவதையும் வழவழப்பான துண்டுகளால் மூடி, காலை வரிசையின் விளிம்பில் ஒரு குமிழும் இரவு வரிசையின் விளிம்பில் இரண்டு குமிழும் மட்டும் வெளித்தெரிய விடுங்கள். விரல் தடவி அறியும். பிரெயில் எழுத்தும் ஆறு புள்ளிகளின் இடத்தைக் கொண்டே அமைவதன்றோ! அக்கருத்தின்படிப் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்றே எழுத்துக் குமிழ்கள் உள்ள கட்டைகளை லெகோ 2020 முதல் வழங்கி வருகிறது.

இப்பேழையைப் பாட்டி தனியே செய்வதைவிடப் பேத்தியை உடன் வைத்துக்கொண்டு செய்வதே நன்று. குழந்தைக்கு ஏழும் இரண்டும் பெருக்கத் தெரியும். பாட்டிக்கு எந்த மாத்திரை எப்பொழுது என்பது தெரியும். ஆனால் நிரப்பும் வேலை பெரியவர்களுடையது. முடிந்தபின் எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும். கட்டையால் ஆன பெட்டியைக் கண்ட எந்தக் குழந்தையும் விளையாடவே கை நீட்டும்.

சாவி மாட்டுதற்கும் ஒரு வழி உண்டு. நிலைவாயிலுக்கு அருகே ஒரு தட்டைச் சுவரில் பொருத்தி, ஒவ்வொரு சாவி வளையத்திலும் ஒரு கட்டையைத் துளையிட்டுக் கோத்துவிட்டால், வீட்டுக்குள் வந்ததும் கட்டையைத் தட்டில் அழுத்திவிடலாம். இழுத்தால் கழலும் என்றீர்களே, சாவியின் எடை இழுக்காதா என்று கேட்கலாம். சுவரில் ஒட்டிய கட்டையைச் சாவி கீழ்நோக்கி இழுக்கிறதேயன்றி நேர்முன்னாக இழுப்பதில்லை. குமிழ்கள் குறுக்காக நின்று தடுக்கும். இரண்டு மூன்று சாவிக்கு இது தாங்கும். இடுப்பில் செருகும் பெருங்கொத்துக்குத் தாங்காது. தட்டை ஒட்டுநாடாவால் ஒட்டாமல் திருகாணியால் முடுக்குங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிரும் பழைய வீட்டுச் சுவர்களில் ஒட்டுநாடா ஒரு திங்கள் நிற்பதும் அரிது.

நவராத்திரி வந்தால் கொலுப்படியில் பின்வரிசைப் பொம்மைகளின் முகம் தெரிவதில்லை என்பது நம் இல்லங்களில் ஆண்டுதோறும் எழும் குறை. வேண்டிய உயரத்துக்குச் சிறு மேடைகளைக் கட்டைகளால் கட்டி, மேலே பட்டுத் துணி விரித்துவிட்டால் கிருஷ்ணநகர் மண்பொம்மையும் மரப்பாச்சியும் ஒருசேர நிமிர்ந்து நிற்கும். விசயதசமிக்குப் பின் பிரித்துப் பெட்டியில் இட்டுவிடலாம். விளக்குக்கும் ஊதுவத்திக்கும் அருகே மட்டும் வைக்கலாகாது. இக்கட்டைகள் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை; நீர் கொதிக்கும் சூட்டை ஒட்டியே இளகத் தொடங்கும்; தீப்பற்றினால் கரும்புகை கக்கி எரியும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்துக்குப் பிரிமணையாக இடுவதும் ஆகாது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் கரைந்துவிடும். கழுவும்போதும் 40 பாகைக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரே போதும். உணவுப் பண்டங்களை இவற்றில் இட்டு வைப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். மலிவுக் கட்டையில் சேர்த்த சாயம் எத்தகையது என்பதை எவர் அறிவார்? இந்தியாவில் 2021ஆம் ஆண்டு சனவரி முதல் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் ஆக்கப்பட்டுள்ளது. அதற்கு முன்னர் வாங்கிய முத்திரையில்லாக் கட்டைகள் பேனாவையே தாங்கட்டும். குழந்தையின் வாய்க்கு எட்டவேண்டா. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீட்டில் சிறு துண்டு ஒன்றும் தரையில் கிடத்தலாகாது, தொண்டையில் அடைக்கும்.

"இவ்வளவு தொல்லை எதற்கு? பழைய காகிதம் வாங்க வருபவரிடம் எடைக்குப் போட்டுவிட்டால் என்ன?" என்று வீட்டுத் தலைவர்கள் சிலர் கேட்கின்றனர். எடைக்குப் போடும் கட்டை எங்கே சென்று சேரும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கிலாந்துக் கடற்கரையில் ஒதுங்கிய பழைய லெகோக் கட்டைகளைப் பிளிமத் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து, 2020இல் தம் முடிவை வெளியிட்டனர். கடலில் ஒரு கட்டை 100 ஆண்டு முதல் 1,300 ஆண்டு வரை அழியாது கிடக்கக்கூடும் என்பது அவர்கள் கண்டது. பிஷ்ணுப்பூர்க் கோயிலுக்கு இன்னும் நானூறு ஆண்டும் நிறையவில்லை! அத்துணை காலம் நிலைக்கும் பொருளை மூன்று ஆண்டு விளையாடிவிட்டுக் குப்பையில் சேர்ப்பது கணக்குக்கு ஒவ்வாது. அந்நிறுவனமும் பழைய நீர்ப்புட்டிகளை உருக்கிக் கட்டை வார்க்க முயன்று பார்த்து, அதனால் சூழலுக்கு நன்மை இல்லை என்று கண்டு 2023இல் அம்முயற்சியைக் கைவிட்டது. உருக்குவதும் வார்ப்பதும் பெரிய ஆலைகளின் வேலை. கழற்றி மீண்டும் பூட்டுவதற்கு நம் விரல்களே போதும்.

சிந்துவெளிச் செங்கல்லுக்கும் ஒரு மறுவாழ்வு நேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் லாகூருக்கும் முல்தானுக்கும் இடையே இருப்புப்பாதை அமைத்தோர், ஹரப்பாவின் கற்களைப் பெயர்த்துத் தண்டவாளத்துக்கு அடியில் சரளையாகக் கொட்டினர். எந்நகரின் கற்கள் என்று அறியாமலே கொட்டினர். மறுபயன் என்பதெல்லாம் நற்பயன் ஆகிவிடாது. பிள்ளையைக் கேட்டுப் பிரியுங்கள் என்று முன்னர் நாம் வேண்டிக்கொண்டதும் இதுபற்றியே.

மேடைக்கு இடப்புறம் உள்ள மேசையில் பேனாத் தாங்கி ஒன்று, கைப்பேசித் தாங்கி இரண்டு, மருந்துப் பேழை ஒன்று, கொலு மேடைகள் நான்கு ஆகியவற்றை வைத்துள்ளோம். கழற்றியும் பூட்டியும் பார்க்கலாம். மருந்துப் பேழையின் அறைகளில் இருப்பவை சீரக மிட்டாய்கள். திங்கள் காலை அறை மட்டும் இப்போதே வெறுமையாகிவிட்டது என்று அறிகிறோம். வேண்டாத கட்டைப் பெட்டி வீட்டில் உள்ளவர்கள், அடுத்த ஞாயிறு மாலை நூலக அறைக்குக் கொணர்ந்தால், நிறம் பிரித்து அளவு பிரித்துத் தருவதற்கு இளைஞர் அணியினர் காத்திருப்பார்கள். கட்டையைப் பற்களால் கடித்துக் கழற்றும் வழக்கமுடையோர் மேசையருகே நின்று அவ்வழக்கத்தைக் காட்டாதிருக்க வேண்டுகிறோம்.